தக்கைக்கு அடியில் எழுதியது

டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் தன் உழைப்பில் பெரும்பகுதியைக் கடலில் போட்டவர். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். முப்பது வருடமாக அவர் ராக்கெட்டுகளுக்குத் தக்கை ஒட்டினார். நெருப்பு கக்கும் வால் பகுதி வெந்துபோகாமல் இருக்க, உலோகத்தின் மேல் பலகை பலகையாகத் தக்கையை ஒட்டுவார்கள். ஒயின் பாட்டிலை அடைக்கிற அதே தக்கைதான். அளந்து வெட்டி, வளைத்து, பசை தடவி, காற்றுக்குமிழி நிற்காமல் அழுத்தி, ஓரங்களைப் பூசி முடித்தால், ராக்கெட் ஒருநாள் ஃப்ளோரிடாவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து கிளம்பி, சில நிமிஷம் எரிந்து, மிச்சம் மீதி அட்லாண்டிக்கில் போய் விழும். ஒட்டியது நேராக இருந்ததா கோணலா என்று மீன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் எங்கள் டைட்டஸ்வில் ஊர்த் தக்கைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பலகையை ஒட்டும் முன், அது மூடப்போகும் உலோகத்தில் மார்க்கரால் எதையாவது கிறுக்கிவிடுவார்கள். பிறந்த பிள்ளையின் பெயர், தோற்றுப்போன கால்பந்து அணிக்கு ஒரு வசவு, மேலாளரின் வழுக்கைத் தலை, இப்படி. செய்யக்கூடாது என்று விதி உண்டு. விதியைப் போட்டவர்களும் ஒரு காலத்தில் கிறுக்கியவர்கள்தான் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. டெல்பர்ட் இதில் கைதேர்ந்தவர். யாரோடும் நேருக்கு நேர் சண்டை போட மாட்டார். முகத்துக்கு நேரே "சரி சார்" என்பார், பிறகு சாரைக் கழுதைக் காதோடு வரைந்து கடலுக்கு அனுப்பிவிடுவார். அவர் மனைவி லொரெய்ன், "எம் புருஷன் மனசுல எதையும் வச்சுக்க மாட்டார்" என்று தேவாலயத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வாள். மனசில் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது?

பிறகு காலம் மாறியது. போன ராக்கெட் திரும்பி வந்து தன் காலிலேயே நிற்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் தூண்டில் கடையில் உட்கார்ந்து டெல்பர்ட் அடித்த கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை. "வாலை ஊணிக்கிட்டு ராக்கெட் நிக்குமாம். கார்ட்டூன்லதான்யா நிக்கும்!" என்பார். அது நின்றது. ஒருமுறை நின்றது, பலமுறை நின்றது, கடைசியில் எங்கள் ஊரில் அது இறங்குவதை யாரும் தலைதூக்கிக்கூடப் பார்க்காத அளவுக்கு நின்றது. ஒரு தடவை போட்டு எறிகிற ராக்கெட்டை அப்புறம் எவன் வாங்குவான்? டெல்பர்ட்டின் கம்பெனி வேலையை நிறுத்தியது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஒரு வன்பொருள் கடையில் பெயின்ட் கலக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார். தான் கிண்டல் பண்ணிய கம்பெனிகளில் ஒன்றுக்கே பிறகு மனுப் போட்டார்.

அங்கே அவரை எடுக்க யாருக்கும் ஆசையில்லை. ஒருத்தி மட்டும் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றாள். மாரிசோல் கினோனஸ். கிஸ்ஸிமியில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பெண். முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் தக்கைக் குழுவுக்குத் தலைவி. தனக்காக நின்றவள் அவள்தான் என்பது டெல்பர்ட்டுக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குத் திக்குவாய் என்பதுதான்.

ஒவ்வொரு பலகையையும் பார்த்து முடித்ததும் தலையில் மாட்டிய ஒலிவாங்கியில் அவள் "சரி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் அவளிடம் அடம்பிடிக்கும். "ச... ச... ச..." என்று அவள் தவிக்கும்போது மற்றவர்கள் காத்திருப்பார்கள். டெல்பர்ட் மட்டும், "சரிங்கறா" என்று முடித்துவைப்பார். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. ஒருநாள் அவள் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ்டர் டெல், எ... என் வார்த்தைய நானே முடிச்சுக்கறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். டெல்பர்ட் "சரி" என்றார், உள்ளுக்குள் முணுமுணுத்தார்.

அடுத்தது அந்தக் குமிழி விவகாரம். டெல்பர்ட் ஒட்டிய ஒரு பலகையை அவள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். காது வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

"உள்ள காத்து நிக்குது. பி... பிரிச்சுடுங்க, மிஸ்டர் டெல்."

"கண்ணு, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சவன் நான்."

"அப்ப ஒட்டினத யாரும் த... தட்டிப் பாக்கலயே."

மேலே கிரேனில் இருந்த ஹோலிஸ் கொட்டகை அதிரச் சிரித்தான். "கெழவா, மீனு ஒண்ணும் புகார் பண்ணலன்னு நெனச்சுட்டியா!"

பிரித்தார். உள்ளே குமிழி இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பார். சரியாக இருந்ததுதான் அவரைச் சுட்டது.

அந்த ராக்கெட்டுக்குக் குழுவில் 'தாத்தா' என்று பெயர். மாரிசோல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை வைத்த முதல் ராக்கெட் அது. எத்தனையோ தடவை போய் வந்து கரிபிடித்துக் கிடந்தது. வரும் பயணம் அதற்குக் கடைசி. ஏற்றப்போகும் செயற்கைக்கோள் ரொம்பக் கனம், எரிபொருள் முழுவதும் மேலே போகவே சரியாக இருக்கும், இறங்கி வர மிச்சமிருக்காது. அதனால் தாத்தாவின் கால்களைக் கழற்றிவிட்டார்கள். கால் இல்லாத ராக்கெட் கடலுக்குத்தான். கழற்றிய அன்று மாரிசோல் அதன்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கடலுக்குப் போகிற ராக்கெட் என்றதும் டெல்பர்ட்டின் கை அரித்தது. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், வாலின் அடியில், ஒட்ட வேண்டிய கடைசிப் பலகைக்கு முன், வெள்ளி நிற மார்க்கரை எடுத்தார். ராக்கெட்டே பேசுவதுபோல எழுதினார்: "மாரிசோல் ச-ச-ச-சரி என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கடலுக்கு அடியில் போயிருப்பேன்." கீழே வாய் திறந்தபடி ஒரு பெண் முகம். அதன்மேல் பசையைத் தடவிப் பலகையை அழுத்தி மூடினார். பிறகு போய், கொண்டுவந்திருந்த ஹாம் சாண்ட்விச்சைப் பசியோடு சாப்பிட்டார்.

செயற்கைக்கோள் தாமதமானது. வாரக்கணக்கில் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் லொரெய்ன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டெல்பர்ட்டுக்குப் புது வேலை, விடுப்பு கிடையாது. மாரிசோல் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய மாலை வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் நிறைய துவரைச் சோறும் பன்றி வறுவலுமாக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

லொரெய்ன் வாய் ஓயாதவள். ஆனால் மாரிசோல் பேச்சு எடுத்தால் பொறுமையாகக் காத்திருந்தாள். "நீ மெதுவாச் சொல்லு கண்ணு. எனக்கு என்ன அவசரம், ஓடவா போறேன்? இடுப்பு வேற ஒடஞ்சு கெடக்கு" என்றாள். மாரிசோல் சிரித்துவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் அவள் பேசினாள், யாரிடமும் பேசாததையெல்லாம் பேசினாள். இந்த வேலையில் சேர்ந்த புதிதில், அவள் "சரி" சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று ஆண்கள் பந்தயம் கட்டுவார்களாம். அது அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாதாம்.

"இப்ப யாரும் அப்படி இ... இல்ல. நம்ம குழு நல்ல குழு" என்றாள்.

டெல்பர்ட் அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். அவள் போன பிறகு லொரெய்ன், "உன்ன எடுத்தே ஆகணும்னு மேலிடத்துல மல்லுக்கு நின்னது அவதானாமே, டெல். நீ எங்கிட்ட சொல்லவே இல்லயே?" என்றாள். அவருக்கே அப்போதுதான் தெரியும். "தூங்கு" என்று மட்டும் சொன்னார்.

தாத்தா சீக்கிரம் கிளம்பிப் போய்க் கடலில் விழுந்து தொலைந்தால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் ஹோலிஸ் கிரேனிலிருந்து குரல் கொடுத்தான்.

"கெழவா, சேதி கேட்டியா? கனமான சாட்டிலைட்ட பெரிய ராக்கெட்டுக்கு மாத்திட்டாங்க. நம்ம தாத்தாவுக்குச் சின்னச் சுமைதான். காலை மாட்டிக்கிட்டுத் திரும்பி வரப்போறாரு!"

"திரும்பியா?"

"திரும்பித்தான். வந்ததும் ஓய்வு. தக்கை மொத்தத்தையும் உரிச்சு, அடியில என்ன ஆயிருக்குன்னு பாக்கணுமாம். மாரிசோல் அழுதே அழுதுட்டா சந்தோஷத்துல."

டெல்பர்ட்டின் கையிலிருந்த பசைக் கரண்டி அப்படியே நின்றது.

சொல்லிவிட்டிருக்கலாம். அதற்கு வேளை வாய்க்காமல் இல்லை. ராக்கெட் ஏவுதளத்துக்குப் போகும் முன் காப்பி இயந்திரத்தின் முன்னால் அவளோடு தனியாக நின்றார். "மாரிசோல், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எ... என்ன மிஸ்டர் டெல்?" என்று முகத்தையே பார்த்தாள். "நாளைக்கு மழை வருமாம்" என்றார். வேலை போகும் என்ற பயமில்லை அது. வேலை போனால் மறுபடி பெயின்ட் கலக்கலாம். அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி மாறும் என்பதுதான் பயம். நல்ல குழு என்று சொன்ன முகம்.

ஏவுகிற நாள் சனிக்கிழமை காலை. லொரெய்ன் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்தே தீருவேன் என்றாள். "நீ ஒட்டினது முதல் தடவையா திரும்பி வருது, நான் பாக்காம இருப்பனா?" கடலோரப் பூங்காவில் மடக்கு நாற்காலி போட்டு, அவித்த கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தார்கள். தாத்தா கிளம்பியது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சில நிமிஷத்தில் வானத்தின் மூலையில் ஒரு கரும்புள்ளி விழ ஆரம்பித்தது.

டெல்பர்ட் இரண்டு கையையும் கோத்து, தலையைக் குனிந்து, வேண்டிக்கொண்டார். "கர்த்தாவே, இது மட்டும் விழட்டும். யாருக்கும் அடிபட வேண்டாம். கடல்ல விழட்டும். உடைஞ்சு போகட்டும். இத ஒண்ண மட்டும் செஞ்சு தாரும்."

ராக்கெட் விழ வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்வது எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட ஈனத்தனம் என்று மற்றவர்களுக்குப் புரியாது. இங்கே எல்லா வீட்டிலும் யாராவது ஒருவரின் கை அதில் பட்டிருக்கிறது. ஒன்று வெடித்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். இழவு விழுந்த வீட்டில் நடப்பதுபோல் ஊர் நடக்கும். அந்த ஊரில் பிறந்து, ராக்கெட் போட்ட சோற்றையே தின்று வளர்ந்த மனுஷன், தன் கோழைத்தனத்தை மறைத்துக்கொள்ள, ஊரின் ராக்கெட்டையே பலி கேட்டார்.

நெருப்பு ஒருமுறை எரிந்தது. கால்கள் விரிந்தன. புழுதி எழுந்து அடங்கியது. தாத்தா நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகுதான் ஒலியை விட வேகமாக இறங்கியதன் இரட்டைச் சத்தம் இடி இடித்ததுபோல் வந்து கடலோரத்தை உலுக்கியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லொரெய்ன் அழுதுகொண்டே அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். டெல்பர்ட் நாற்காலியை விட்டு எழவில்லை.

கொட்டகையில் தக்கை உரிக்கும் நாள் வந்தது. டெல்பர்ட் முந்திக்கொண்டு போய் நின்றார். "வால் பக்கத்த எனக்குக் குடு மாரிசோல். குனிஞ்சு பழகின முதுகு." அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எ... எடுத்துக்குங்க" என்றாள்.

கரி அப்பியிருந்த அந்தப் பலகையை ஓரத்திலிருந்து கத்தியால் நெம்பினார். பையில் துணியும் கரைப்பானும் தயாராக இருந்தன. ஒரே இழுப்பில் பலகை வந்தது.

அடியில் ஒன்றுமே இல்லை. துடைத்துப் போட்டதுபோல் வெறும் உலோகம்.

சூட்டில் அழிந்துவிட்டதோ என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் பலகையின் மூலையைப் பார்த்தார். ஓரப்பூச்சின் கடைசியில் கட்டைவிரலால் ஒரு சின்ன அழுத்தம். அப்படி முடிப்பது குழுவிலேயே ஒருத்திதான்.

"என்ன தே... தேடறீங்க, மிஸ்டர் டெல்?"

பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பலகை... நான் ஒட்டினது இல்லயே."

"இல்ல. நான் ஒட்டினது. நீங்க ஒட்டினதத் தட்டினப்ப சத்தம் ச... சரியில்ல. மை மேல பசை நிக்காது. பிரிச்சு, துடைச்சு, வேற ஒட்டினேன்."

"எப்ப?"

"ம... மறுநாளே."

மறுநாளே என்றால் லொரெய்ன் விழுவதற்கு முன்பு. அப்படியானால் அதைப் படித்துவிட்டுத்தான் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்தாள். அதைப் படித்த பிறகுதான் சோறு கொண்டுவந்தாள், "நம்ம குழு நல்ல குழு" என்று சொன்னாள். அவர் அடுக்களையில் இருக்கிறார் என்று தெரிந்தே சொன்னாளோ என்னவோ.

"அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். கேட்டதும், கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

அவள் கோபப்படவில்லை. "சொ... சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரமாகும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க" என்றாள். "பக்கத்துல இருக்கறதையும் உரிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

மன்னிப்புக் கேட்க அவருக்கு மூன்று நாள் ஆனது. வண்டி நிறுத்துமிடத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவள் "ச... ச... சரி" என்றாள். டெல்பர்ட் காத்திருந்தார், இந்தத் தடவை முடித்துவைக்கவில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. எழுதியதைத்தான் அவள் படித்தாள், பூங்காவில் வேண்டிக்கொண்டதை யாரும் படிக்கவில்லை. அது மட்டுமாவது கடலோடு போகட்டும் என்று நினைத்தார். முப்பது வருடப் பழக்கம், லேசில் போகுமா?

திரும்பி வந்த ராக்கெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு, கருகிய தக்கையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பது வழக்கம். டெல்பர்ட் கொண்டுவந்த துண்டை லொரெய்ன் டிவிக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் வைத்தாள். மாரிசோலை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். பொரித்த கெளுத்தி மீன், சோள ரொட்டி, இனிப்புக்கு எலுமிச்சை 'பை'. டெல்பர்ட்டே ஓடி ஓடிப் பரிமாறினார்.

"இந்தத் தக்கைய பாரு கண்ணு" என்றாள் லொரெய்ன். "வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டறேன். ஆனா நீ பாத்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? அன்னிக்கு இந்த மனுஷன் பண்ணின ஜெபத்த! அது எறங்கற வரைக்கும் தலைய நிமிக்கல. கையக் கோத்துக்கிட்டு, உதடு நடுங்க, கண்ணுல தண்ணி வேற. கல்யாணம் ஆன நாள்லேந்து இவர் இப்படி வேண்டிக்கிட்டு நான் பாத்ததே இல்ல. நானே விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டேன், எனக்கு இப்படி வேண்டல. எல்லாம் உன் தாத்தாவுக்காகத்தான்!"

மாரிசோல் சிரித்தபடிதான் டெல்பர்ட்டைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. எழுத்து அழிக்கப்பட்டது அன்றைக்கு அவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அது உள்ளே அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுதியதைப் படித்துவிட்டுக்கூட அவரிடம் முகம் கோணாதவள், இப்போது கண் கலங்கினாள்.

"அது... அது வி... வி... வி..."

அந்தச் சொல் என்ன என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். வாய் நுனி வரை வந்துவிட்டது. முடித்துவைக்கவில்லை. லொரெய்னும் எப்போதும்போல அவசரப்படுத்தாமல், தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"வி... விழணும்னா வேண்டிக்கிட்டீங்க?"

"ஆமா" என்றார் டெல்பர்ட்.

லொரெய்ன் மட்டும் இன்னும் சிரித்த முகத்தோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது விளக்கிச் சொல்வார்கள் என்று.